சுக்கானை மாமனார் கையில் கொடுப்பது எப்படி?

"அடுத்த மாதம் இங்கிலாந்தின் எல்ஸ்மியரிலிருந்து வேல்ஸின் லங்கோலன் வரை கால்வாய்ப் படகில் போய்வர ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் இதற்கு முன் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். மனைவி, மாமனார், மச்சான், 14 வயது மகள் ஆகிய நான்கு பேருக்கும் சுக்கான் பிடித்துப் பழக்கமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுத்துவிட்டால் நானும் உட்கார்ந்து டீ குடிக்கலாம். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீ கிடைக்கும், முதல் நாள் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பதினோரு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் இங்கிலாந்துக் கால்வாய்களில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு திரிகிறவன் நான். இருபது பேருக்காவது சுக்கான் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அதில் முதல் ஆள் என் மனைவி. நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தில் அடுத்த இரண்டு வருடம் அவள் படகின் பின்பக்கமே வரவில்லை. அன்று நடந்ததைச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

57 அடி நீளப் படகு. இடப்பக்கமாக ஒரு வளைவு வந்தது. படகின் பின்னால் நின்று பிடிக்கிற சுக்கான் தடியை வலப்பக்கம் தள்ளச் சொன்னேன், தள்ளினாள். படகு நேராகவே போனது. எதிர்க்கரையில் மண்டியிருந்த முட்புதர் பெரிதாகிக்கொண்டே வந்தது. "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு" என்று கத்தினேன். அவள் தள்ளும்வரை பொறுக்காமல் நானே பாய்ந்து தடியைப் பிடித்துக் கடைசிவரை ஒதுக்கினேன். அப்போதுதான் அவள் முதலில் தள்ளியதற்கான பலன் வந்து சேர்ந்தது. அதன் தலையில் என்னுடையதும் ஏறிக்கொண்டது. படகு அளவுக்கு மேல் திரும்பி, வளைவின் உள்கரையில் மூக்கைக் குத்தி நின்றது. உள்ளே அடுப்பில் இருந்த ரசம் தரையில். அவள் செய்தது சரி, கெடுத்தது நான். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். எங்கள் கப்பல் கவிழவே இல்லை, ஆனாலும் அவள் அன்று முழுவதும் கன்னத்தில் கை வைத்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் படகு நீளமான எஃகுப் பெட்டி. அகலம் 6 அடி 10 அங்குலம், எடை 15 டன் அளவுக்கு வரும். தடியைத் தள்ளினால் உடனே எதுவும் நடக்காது. நடக்கத் தொடங்கிவிட்டால் உடனே நிற்கவும் நிற்காது. புதிதாகப் பிடிப்பவர் இந்தத் தாமதத்துக்குப் பழக வேண்டும். பக்கத்தில் நிற்கும் நீங்களும் அதே தாமதத்துக்குப் பழக வேண்டும், கஷ்டம் அங்கேதான். வாயைத் திறக்குமுன் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். நான் திருத்த நினைத்த தவறுகளில் பாதி, மூன்று எண்ணி முடிப்பதற்குள் படகே திருத்திக்கொண்டவை.

வாடகை நிறுவனம் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். இங்கே கால்வாயில் வாடகைப் படகு ஓட்ட உரிமம் எதுவும் வேண்டியதில்லை, கிளம்புமுன் அவர்கள் தரும் விளக்கம்தான் உங்கள் ஓட்டுநர் பள்ளி. ஒருமுறை எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் கழிப்பறையைப் பற்றி. அந்த விளக்கத்தின்போது நான்கு பேரையும் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். பெரும்பாலும் ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் உள்ளே போய்ப் படுக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாடத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கலாம். கார் முன்சக்கரத்தால் திரும்பும், பின்பகுதி சமர்த்தாக அதன் பின்னால் வரும். படகு அப்படித் திரும்பாது. ஏறக்குறைய தன் நடுவை அச்சாக வைத்துச் சுழலும். மூக்கு வலப்பக்கம் போனால் வால் இடப்பக்கம் வீசும். இதைப் புரியவைக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம், கடைத்தெருவில் மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்து போகிற ஆள். யாரோ கூப்பிட்டார்கள் என்று அவர் வலப்பக்கம் திரும்பினால், ஏணியின் பின்முனை இடப்பக்கத்து டீக்கடையின் பிஸ்கட் பாட்டில்களை வாரிக்கொண்டு போகும். அவருக்குத் தெரியாது, அவர் பார்ப்பது முன்னால். புதிதாகச் சுக்கான் பிடிப்பவரும் அப்படியே மூக்கை மட்டும் பார்ப்பார், வால் கரையில் இடிக்கும். மேசையில் ஒரு பேனாவை வைத்து, நடுவில் விரலை ஊன்றிச் சுழற்றிக் காட்டுங்கள். மாமனாருக்கும் மகளுக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது. (படகின் முன்பகுதிக்கு நம் கடற்கரையில் அணியம் என்று அழகான சொல் உண்டு. ஆனால் அவசரத்தில் எல்லோருக்கும் புரிவது மூக்கும் வாலும்தான்.)

அடுத்த குழப்பம் தடி எதிர்ப்பக்கமாக வேலை செய்வது. தடியை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். இடம் வலம் என்று சொல்லிக்கொடுத்தால் இது ஒட்டவே ஒட்டாது. "எதன் மேல் மோதிவிடுவோம் என்று பயப்படுகிறீர்களோ, அதை நோக்கித் தடியைக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வலப்பக்கம் மரக்கிளை தொங்கினால் தடி வலப்பக்கம், இடப்பக்கம் கட்டியிருக்கும் படகை நெருங்கினால் தடி இடப்பக்கம். பயம் வந்ததும் கை தானாக அந்தப் பக்கம் போகும். யோசிக்க நேரமில்லாத இடத்தில் இந்த ஒரு வாக்கியம் பலபேரைக் காப்பாற்றியிருக்கிறது.

சீக்கிரம் கற்பவர் யார் என்று கேட்டால், என் அனுபவத்தில் கார் ஓட்டத் தெரியாதவர்கள். உங்கள் மச்சான் நன்றாகக் கார் ஓட்டுவார் என்றால் அவரைக் கடைசிக்கு வையுங்கள். கார்க்காரர் கை சும்மா இருக்காது. தள்ளுவார், ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னும் தள்ளுவார், திரும்பத் தொடங்கியதும் பதறி எதிர்ப்பக்கம் தள்ளுவார். படகு கால்வாய் முழுக்கப் பாம்பு போல நெளியும். என் மாமனாருக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும், ஊர் திருவாரூர். கால் மணி நேரம் பேசாமல் தடியைப் பிடித்திருந்தவர், "மாப்பிள்ளை, இது தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற வேலைதான்" என்றார். வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும், தேர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சக்கரத்தடியில் கட்டையைச் செருகுகிறவர்தான் தீர்மானிக்கிறார். தேர் ஒரு பக்கம் சாயத் தொடங்குமுன்பே கட்டை போட வேண்டும், சாய்ந்தபின் போட்டுப் பயனில்லை, போட்ட கட்டையைச் சரியான நேரத்தில் எடுக்கவும் வேண்டும். இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. அதன் பிறகு வந்த எல்லோருக்கும் மாமனாரின் தேரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தடியைக் கையில் கொடுக்குமுன் சொல்ல வேண்டியவை சில உண்டு. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள்.

எங்கே நிற்பது என்பது முதலாவது. தடி இப்படியும் அப்படியும் வீசும் வளையத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, ஓட்டுபவரும்தான். பின்னால் போகும்போது சுக்கான் பலகை அடிமண்ணிலோ கல்லிலோ மாட்டினால், தடி கையை உதறிக்கொண்டு அறைந்துவிடும். பின்னால் நிற்பவர் நேராகத் தண்ணீரில், அதுவும் புரொப்பல்லர் சுழலுகிற இடத்தில் விழுவார். யாராவது விழுந்தால் ஓட்டுபவர் செய்ய வேண்டிய முதல் காரியம், வேகத்தையும் முன்பின் ஓட்டத்தையும் மாற்றுகிற லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து புரொப்பல்லரை நிறுத்துவது. ஆளைப் பார்த்து எடுக்கிறேன் என்று படகைப் பின்னால் செலுத்தவே கூடாது. இந்தக் கால்வாயில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான், பதறாமல் காலை ஊன்றினால் நிற்கலாம். ஆனாலும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்பது நமக்கே தெரியும். நீச்சல் தெரியாதவருக்கு லைஃப் ஜாக்கெட், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, மோதப்போகிறது என்றால் மோதட்டும். காலை நீட்டித் தடுக்கிற வேலை வேண்டாம். 15 டன் எஃகுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் என்ன ஆகும் என்று மகளுக்கும் மச்சானுக்கும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவதற்கும் இதே தடை. படகில் கீறல் விழுந்தால் பணத்தோடு போகும்.

இனி படகில். முதல் அரை மணி நேரத்துக்கு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தடி அவர் கையில், லீவர் உங்கள் கையில். இந்த ஒரு ஏற்பாடு நான் பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தது. அதன் பிறகு கத்துவது பாதியாகக் குறைந்தது. காரணம் இதுதான். சுக்கான் வேலை செய்வது புரொப்பல்லர் தள்ளுகிற தண்ணீர் அதன் மேல் பாய்வதால். வேகத்தைக் குறைத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் சுக்கானுக்கு ஏறக்குறைய உயிரே இருக்காது. புதியவருக்குப் பயம் வந்ததும் முதலில் செய்வதோ லீவரை இழுத்து மூடுவது. காரில் அது புத்திசாலித்தனம், இங்கே அதோடு படகு சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும், காற்று தள்ளுகிற பக்கம் போகும். லீவர் உங்களிடம் இருந்தால், அவர் தடியை ஒதுக்குகிற நேரம் நீங்கள் சற்றே வேகம் கூட்டி, மூக்கு திரும்புவதை அவர் கண்ணாலேயே பார்க்கும்படி செய்யலாம். "மெதுவாகப் போ, ஆனால் திரும்பும்போது சக்தி கொடு" என்பது அப்போதுதான் புரியும்.

நேரான, கட்டிய படகுகள் இல்லாத நீட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அங்கே நேராக ஓட்டச் சொல்லாதீர்கள். வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டச் சொல்லுங்கள். தடியை ஒரு சாண் தள்ளிவிட்டு மூக்கு அசையும்வரை உரக்க எண்ணட்டும். அசைந்ததும், போய்ச் சேருமுன்பே, தடியை நடுவுக்குக் கொண்டுவரட்டும். பத்து நிமிடம் இப்படி விளையாடினால் தாமதம் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும், பிறகு நேராகப் போவது தானாக வரும். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கரையைப் பார்த்தால் படகு கரைக்குத்தான் போகும். கூரையின் முன்பகுதியில் நடுவாகச் சின்னப் பூந்தொட்டியையோ தண்ணீர்க் குவளையையோ வைத்துவிடுங்கள். தூரத்தில் ஒரு மரத்தைக் குறிவைத்து, தொட்டி அதிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். துப்பாக்கியின் குறிமுள் போல அது வேலை செய்யும்.

வேகம் பற்றி: மணிக்கு 4 மைல் என்பது உச்ச வரம்பு, அதாவது சற்று விறுவிறுப்பான நடை. பல இடங்களில் அந்த வேகமும் முடியாது. கால்வாய் நடுவில் ஆழமாக, ஓரத்தில் தட்டு போல மேடாக இருக்கும். வேகம் கூட்டினால் படகின் வால் தண்ணீருக்குள் இறங்கும், பின்னால் அலை எழுந்து கரையை அரிக்கும், முன்னேற்றமும் இருக்காது. பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் அலை நுரைத்து உடைந்தால் வேகம் அதிகம், அளவுமானியே தேவையில்லை. கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைத்து, என்ஜின் முனகுகிற அளவில் போக வேண்டும். பல படகுகள் மண்ணில் அடித்த முளையில்தான் கட்டியிருக்கும், நாம் இழுக்கிற தண்ணீர் முளையையே பிடுங்கிவிடும். உள்ளே யாரோ டீ ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

எதிர்ப்படகு வரும்போது வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இந்தியாவில் பழகினாலும் இங்கிலாந்தில் பழகினாலும் சாலையில் நாம் இடப்பக்கம் போகிறவர்கள். மச்சானின் கை இடப்பக்கம்தான் போகும், முன்கூட்டியே இரண்டு முறை சொல்லிவையுங்கள். இன்னொரு தவறு, தூரத்தில் படகைப் பார்த்ததுமே ஓரத்துக்கு ஓடுவது. ஓரம் மேடு, தட்டிவிடும். நெருங்கும்வரை நடுவிலேயே போய், பிறகு வேண்டிய அளவு மட்டும் விலகி, கடந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மூக்கும் ஒன்றையொன்று நெருங்கும்போது நடுவில் அகப்படுகிற தண்ணீர் அவற்றைத் தள்ளிவிடும், கடந்து போகையில் வால்களை ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துத் தாங்கள்தான் தவறு செய்துவிட்டதாக நினைப்பார்கள். அது தண்ணீரின் வேலை என்று சொல்லுங்கள். மீன் பிடிக்கிறவர்கள் நீளத் தூண்டில் கழியைக் கால்வாயின் குறுக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக ஒதுங்க வேண்டாம், நிற்க வேண்டாம், நடுவிலேயே மெதுவாகப் போனால் அவர்களே கழியைத் தூக்கிக்கொள்வார்கள்.

பாலங்கள்தான் அழவைக்கும். கூனல் முதுகுச் செங்கல் பாலம், கீழே ஒரு வளைவு, அந்த வளைவுக்குள் ஒரு பக்கம் நடைபாதை. குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது. ஓரக்கற்களில் கயிறு உரசித் தேய்ந்த தடங்களை இன்றும் பார்க்கலாம், விரல் நுழையும் ஆழம். பாதை போக மீதிதான் தண்ணீர், படகுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் மிஞ்சும். என் மச்சான் தன் முதல் பாலத்தில் வளைவின் உச்சியைக் குறிவைத்தான். உச்சி பாலத்துக்கு நடு, ஆனால் தண்ணீருக்கு நடு அது இல்லையே. பாதையின் கல் விளிம்பு நெருங்கியதும் லீவரை மூடினான், படகு காற்றுக்குச் சாய்ந்தது. ஒரு நீண்ட, மெதுவான உரசல். உள்ளே எவர்சில்வர் தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிய சத்தம் எங்கள் கல்யாணச் சமையலறையை நினைவுபடுத்தியது.

அதன் பிறகு நான் சொல்லிக்கொடுப்பது இது. பாலத்துக்கு மூன்று நான்கு படகு நீளம் முன்பே நேராகிவிட வேண்டும். பாலத்தின் வாயில் வந்து நேராக்க முயன்றால் வால் வீசும், ஏணிக்காரர் கதைதான். உச்சியைப் பார்க்காமல், நடைபாதையின் கல் விளிம்பை மட்டும் பார்த்து, படகின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டி, அந்த விளிம்புக்கும் படகுக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கும்படி போக வேண்டும். மறுபக்கத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கமும் சரியாகத்தான் இருக்கும். மூக்கு உள்ளே நுழைந்தபின் லீவரை மூடாமல், தடியைச் சிட்டிகை அளவு மட்டும் அசைத்து, வால் வெளியே வரும்வரை திருப்பாமல் இருக்க வேண்டும். வளைவை ஒட்டிய பாலம் என்றால் எதிரே படகு வருகிறதா என்று முன்னால் ஒருவர் நின்று பார்க்கட்டும். கூரையில் யாரும் உட்காரக் கூடாது. பாலத்தின் உயரம் தலைக்கு விட்டுக்கொடுக்காது.

முன்னால் நிற்பவர் கத்தினால் பின்னால் கேட்காது, என்ஜின் சத்தம். கேட்டாலும் "லெஃப்ட்" என்றால் தடியா, படகா? இதை முடிவுசெய்யாமல் கிளம்பிய குடும்பங்கள் மாலையில் பேசிக்கொள்வதில்லை. மூக்கு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நீட்டுவது, நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு கையையும் உயர்த்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடியைக் கைமாற்றும்போதும் வாயால் சொல்லுங்கள். "நான் பிடித்துக்கொண்டேன்" என்று ஒருவர், "விட்டுவிட்டேன்" என்று மற்றவர். ஒரே தடியில் நான்கு கை இருந்தால் ஓட்டுகிறவர் யார் என்று படகுக்கும் தெரியாது. எப்போது நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். நான் வாங்குவது ஆள் தண்ணீரில் விழுந்தாலோ, பாலத்துக்குள் எதிர்ப்படகு நுழைந்துவிட்டாலோ மட்டும். புதரில் மூக்கு குத்துவதற்காகவெல்லாம் வாங்குவதில்லை. அவர்களே குத்தி, அவர்களே எடுக்கட்டும்.

நிறுத்துவதை ஒரு முறையாவது பழகிவிடுங்கள், ஏனென்றால் பிரேக் கிடையாது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு பின்பக்கம். முன்னிலிருந்து பின்னுக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் கியர்பெட்டி மன்னிக்காது. பின்னால் போகும்போது சுக்கான் பெரும்பாலும் பேச்சைக் கேட்காது, வால் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும், அது எல்லோருக்கும் அப்படித்தான். தரைதட்டினால் முன்னால் முறுக்காமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். நகராவிட்டால் ஆட்களை ஆழமான பக்கத்துக்கு மாற்றி, நீளக் கழியால் ஊன்றித் தள்ளுங்கள். காற்று பலமாக வீசுகிற நாளில் புதியவருக்குப் பாடம் வேண்டாம்.

மகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயதுக் கட்டுப்பாடு என்ன என்று உங்கள் நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றால், 14 வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பிடிப்பார்கள். அவர்களுக்குத் தவறு செய்ய வெட்கமில்லை. கூரைக்கு மேலே பார்க்கும் உயரம் இருக்க வேண்டும், உயரத்துக்காக ஸ்டூல் போட்டு நிறுத்தாதீர்கள். மனைவியை வற்புறுத்த வேண்டாம். என் வீட்டில் இரண்டு வருடம் கழித்து அவள் தடியைப் பிடித்தது, நான் சமையல் செய்கிறேன் என்று உள்ளே போன ஒரு சாயங்காலம். நான் இல்லாததால்தான் பிடித்தாள். அரை மணி நேரம் படகு ஒரு முறைகூட இடிக்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஜன்னலில் கரை சீராக நகர்வதைப் பார்த்தேன், மேலே எட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழி புதியவர்களுக்கு ஏற்றது. எல்ஸ்மியரிலிருந்து லங்கோலன் வரை நியூ மார்ட்டனில் இரண்டே லாக்குகள்தான் (படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்), எனவே நீண்ட நேரம் தடை இல்லாமல் ஓட்டிப் பழகலாம். அந்த இரண்டிலும் போகும்போது மேலே ஏறுவீர்கள், திரும்பும்போது இறங்குவீர்கள். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேல்கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கல் மேடையில் படகின் வால் தங்கிவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் படகு மூக்குக்குப்புறச் சாயும். அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக்கோடாகக் குறித்திருப்பார்கள், வால் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதுவரை ஓட்டியவர் யாராக இருந்தாலும், லாக்குக்குள் தடி உங்களிடம் இருக்கட்டும்.

இந்தக் கால்வாய்க்கு இன்னொரு குணம் உண்டு. டீ (Dee) என்கிற நதியிலிருந்து எடுக்கும் தண்ணீர் இதன் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, எனவே மற்ற கால்வாய்கள் போல் தேங்கி நிற்காமல் மெல்ல ஓடும். லங்கோலன் நோக்கிப் போகும்போது நீரோட்டம் எதிரே, திரும்பும்போது பின்னால். சிர்க்கில் 1801இல் கட்டிய, கால்வாயையே சுமந்து செல்லும் நீர்ப்பாலத்தைக் கடந்ததும் 420 மீட்டர் நீளச் சுரங்கம் வரும். ஒரு படகு மட்டுமே போகும் அகலம், எனவே எதிரே விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நுழைய வேண்டும். உள்ளே எதிரோட்டம் நன்றாகவே உணரும்படி இருக்கும், படகு நகரவே இல்லை என்று மச்சான் வேகத்தைக் கூட்டுவார், கூட்ட விடாதீர்கள். உள்விளக்குகளைப் போட்டுத் திரைச்சீலைகளைத் திறந்துவைத்தால் இரண்டு பக்கச் சுவரும் வெளிச்சமாகத் தெரியும், புதியவருக்கு அது பெரிய ஆறுதல்.

அதன் பிறகுதான் எல்லோரும் பயப்படும் போன்ட்கசல்தே. பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் பாலத்தையே கடந்துவிடலாம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805இல் திறந்தது, 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 307 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தொட்டியில், 38 மீட்டர் உயரத்தில் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பி வேலி உண்டு, மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, கீழே ஆறு. பார்க்கத்தான் பயம். ஓட்டுவதற்கு இந்த வழியிலேயே சுலபமான இடம் இதுதான், ஏனென்றால் தொட்டியின் அகலத்தில் படகு வேறெங்கும் போக முடியாது. மெதுவாக விட்டால் அதுவே போகும். மாமனார் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, கேமராவோடு நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள். மகள் மட்டும் வேலி இல்லாத பக்கம் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட டீயை இங்கே குடிக்கலாம்.

ஆனால் பாதிப் பாலத்திலேயே குடித்து முடித்துவிடுங்கள். பாலம் முடிந்ததும் நேராகப் போனால் ட்ரெவர் படகுத்துறை. லங்கோலனுக்கு இடப்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டும், திருப்பத்திலேயே ஒரு பாலமும் உண்டு. படகு ஓட்டுவதை நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இந்த நாட்டுக் கால்வாய்க்காரர்கள் 'காங்கூஸ்லர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் ஐஸ்கிரீமோடு நிற்பது அங்கேதான். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் மாமனாரிடமிருந்து தடியை மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இடித்தால் உங்கள் பேரில் இருக்கட்டும்.